கோட்டுக்குக் கீழே

நானுங்களா? கோயமுத்தூருல ஒரு கம்பெனிங்க்கா. மோட்டாரைப் போடற பெட்டி செய்யறோம். மோட்டார் ரூம்புல மாட்டி வெச்சுட்டா, வீட்டுல உக்காந்துக்கிட்டே ஃபோன்ல ஓட்டலாம், நிறுத்தலாம். உங்க தோட்டத்துலயும் இருக்குதுங்களா? என்ன கலரு? பச்சைங்களா. அப்ப எங்களுது இல்லீங்க. எங்களுது மஞ்ச.

நல்லதாப் போச்சு போங்க. பெட்டி இருக்கறவங்க கிட்டச் சொன்னாத்தான் புரியும். மத்தவங்க பாதியிலயே மூஞ்சியத் திருப்பிக்கறாங்க. எங்க வீட்டுக்காரரு, "இதை எத்தன தடவ சொல்லுவ வினோதினி, யாருகிட்டத்தான் சொல்லுவ"ங்கறாரு. யாருகிட்டச் சொல்லணுமோ அவங்க யாரும் கேக்கலையே.

வேல பாக்கறேன்னு சொன்னேன். இப்ப பத்தொம்போது நாளா வீட்டுல இருக்கச் சொல்லியிருக்காங்க. அது தனி.

என் வேல பெட்டி செய்யறது இல்லீங்க்கா. எந்த வேலைய மொதல்ல செய்யறது, எதை அப்பறம் செய்யறது, எதைச் செய்யவே வேண்டாம்னு முடிவு பண்றது. "இது ஒரு வேலையா சாமி, இதுக்கா சம்பளம் குடுக்கறாங்க"ன்னு எங்கம்மா கேட்டாங்க. இதுதாங்க வேலையே. இது இல்லாம அந்தக் கம்பெனி எப்படி இருந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும்.

மொதலாளி திருமூர்த்தி சாருக்குக் காலைல காப்பி குடிக்கறப்ப ஒண்ணு தோணும். உடனே செய்யும்பாரு. மழை வருமா வராதான்னு ஃபோன்ல காட்டணும்பாரு. டீலருங்க அவங்கவங்க கடைப் பேரு பெட்டி மேல மின்னணும்பாங்க. ஒருத்தரு மோட்டார் ஓடறப்ப சாமி பாட்டு வரணும்னாரு. நெசமாத்தாங்க்கா. எங்காளுங்க பன்னெண்டு பேரு. ஒரு வருசத்துல நாப்பத்தோரு வேலைய ஆரம்பிச்சிருந்தாங்க. முடிஞ்சது ஆறு. நான் போய் எண்ணிப் பாத்தேன், ஆறே ஆறு.

நான் போய் என்ன பண்ணேன்? ஒரே ஒரு வரி எழுதுனேன். பெருசா எழுதிச் சுவத்துல ஒட்டுனேன். "மோட்டார் போடறதுக்காக ஒரு விவசாயியும் வீட்டை விட்டு எறங்கக் கூடாது." அவ்வளவுதான். இதுதான் நம்ம இலக்கு, இனிமே இது ஒண்ணுதான்னு சொன்னேன். எங்கப்பாவும் விவசாயிதாங்க, உடுமலைப் பக்கம். கரண்டு எப்ப வரும் எப்ப போகும்னு பாதி ஆயுசு வாசல்லயே நின்னாரு. அதுனால அந்த வரிய நான் சும்மா எழுதல. யாராச்சும் இதை வேண்டாம்பாங்களா, நீங்களே சொல்லுங்க.

ரெண்டு வாரத்துக்கு ஒரு சுத்து. ஸ்பிரிண்டும்பாங்க எங்க பாஷையில. திங்கக்கெழம காலைல எல்லாரும் கூடுவோம். செய்ய வேண்டிய ஒவ்வொரு வேலையும் ஒரு சீட்டு. சுவத்துல செவப்புல ஒரு கோடு. கோட்டுக்கு மேல ஒட்டுனது அந்த ரெண்டு வாரத்துல ஆகும். கீழ ஒட்டுனது காத்துக் கெடக்கும். எது மேல, எது கீழன்னு சண்டையே கெடையாதுங்க்கா. ஒரே கேள்விதான். "இது விவசாயிய வீட்டுல உக்கார வெக்குமா?" வெக்கும்னா மேல. இல்லைன்னா கீழ. யாரு சீட்டா இருந்தாலும் சரி.

மொதத் திங்கக்கெழமயே திருமூர்த்தி சாரோட மழைச் சீட்ட எடுத்துக் கீழ ஒட்டுனேன். அவரு சிரிச்சுட்டாரு. "எனக்கு வேண்டாம்னு சொல்றதுக்கு இத்தன வருசமா ஒரு ஆளு இல்லாமப் போச்சு"ன்னாரு. அதே மனுசன்தான் இப்ப, "எல்லாம் அந்தப் பொண்ணு எடுத்த முடிவு"ங்கறாரு.

இலக்குன்னா அளக்கணும். நூறு தடவ மோட்டார் ஓடுனா அதுல எத்தன தடவ ஃபோன்ல போட்டது? அதான் எங்க நம்பரு. ஆடி மாசம் முப்பத்தெட்டு. பொங்கலுக்குள்ள தொண்ணூறு ஆக்கணும்னு சொன்னேன். ஆவணியில அம்பத்தி ரெண்டு. புரட்டாசியில அறுபத்தொண்ணு. அதே பன்னெண்டு பேருதாங்க்கா, அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போனாங்க. ரிஸ்வான்னு ஒருத்தரு, சாஃப்ட்வேர் எழுதறவரு, "மேடம், மூணு வருசத்துல இப்பத்தான் எம் பொண்ண ஸ்கூல்ல இருந்து நானே போய் கூட்டிட்டு வர்றேன்"னாரு. அதெல்லாம் யாரும் இப்ப பேச மாட்டாங்க.

அறுபத்தொண்ணுல நம்பரு நின்னு போச்சு. ஏன் நிக்குதுன்னு தேடுனேன். உக்காந்து ஒவ்வொண்ணா பாத்தா, அந்தக் குமிழு.

எங்க பெட்டி மூஞ்சியில திருப்பற குமிழு ஒண்ணு இருக்குமுங்க. ஒரு பக்கம் "கை", ஒரு பக்கம் "ஃபோன்". கைன்னு திருப்பி வெச்சுட்டா ஃபோன்ல ஓடாது. தோட்டத்துல ஏதாச்சும் வேலைன்னா கைக்குத் திருப்புவாங்க, வேல முடிஞ்சதும் மறந்துட்டு வீட்டுக்குப் போயிருவாங்க. அங்க போய் ஃபோன்ல அழுத்துனா ஓடாது. மறுபடியும் தோட்டத்துக்கு நடை. நூறு தடவையில பதினாலு தடவ இப்படி. நம்ம வரிக்கு நேர் எதிரி அந்தக் குமிழுதான்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

ரிஸ்வான் மூணு நாள்ல மாத்திக் குடுத்தாரு. குமிழு எந்தப் பக்கம் இருந்தாலும், ஃபோன்ல அழுத்துனா ஓடும். பெட்டியப் போய்த் தொடவே வேண்டாம், ஆபீசுல இருந்தே எல்லாப் பெட்டிக்கும் புது சாஃப்ட்வேர் போயிரும். ரெண்டு வாரத்துல நம்பரு எழுபத்தி நாலு. கேக்கு வெட்டுனோம்.

சொல்லாமச் செய்யலீங்க்கா. எல்லாருக்கும் ஃபோன்ல செய்தி அனுப்புனோம். நாந்தான் எழுதுனேன். "இனி எந்த நிலையிலும் உங்கள் மோட்டார் உங்கள் விரல் நுனியில்." நல்லா இருக்குதுல்லங்க?

அடுத்த திங்கக்கெழம சென்னியப்பண்ணன் வந்துட்டாரு. தாராபுரம் பக்கம் எங்க சர்வீஸ் ஆளு. அம்பது வயசு இருக்கும். அந்தக் கூட்டத்துக்கெல்லாம் அவரு வர வேண்டியதே இல்ல. மொதல் பஸ்ஸப் புடிச்சு வந்து, பின்னாடி நின்னுட்டு இருந்தாரு.

"மேடம், அந்தக் குமிழ நம்பித்தான் ஆளு கெணத்துல எறங்கறான்"னாரு.

"மெயினை ஆஃப் பண்ணீட்டுத்தானேண்ணா எறங்கணும்?"

"எறங்கணும். பண்ண மாட்டான். கையில வெச்சா ஓடாதுன்னு நாமதான அஞ்சு வருசமாச் சொல்லிக் குடுத்திருக்கோம். முன்னூத்தி நாப்பது தோட்டத்துல நானே நின்னு சொல்லியிருக்கேன்."

நான் பொறுமையா சொன்னேன். பழைய மாதிரி மாத்துனா பதினாலு தடவ மறுபடியும் நடக்கணும், அது முடியாதுன்னு.

"சரிங்க மேடம், அது போகட்டும். ஓடறதுக்கு முன்னால ஒரு இருபது செகண்டு கத்தட்டும். பெட்டிக்குள்ளயே பஸ்ஸர் இருக்குது. கேபிளத் தொட்டுட்டு இருக்கறவன் கைய எடுத்துக்குவான். கெணத்துல இருக்கறவன் மேல ஏறிக்குவான்."

எவ்வளவு நேர வேலைன்னு ரிஸ்வானைக் கேட்டேன். "அரை நாளு"ன்னாரு.

அரை நாளுங்கறதுக்காக எதையும் மேல ஒட்ட முடியுங்களா? அரை நாள் அரை நாளாத்தான அந்த நாப்பத்தோரு வேலையும் வந்து சேந்துச்சு. எல்லாருகிட்டயும் கேக்கற கேள்வியத்தான் அவருகிட்டயும் கேட்டேன். "இது விவசாயிய வீட்டுல உக்கார வெக்குமாங்கண்ணா?"

அவரு என்னைப் பாத்தாரு. "உசுரோட உக்கார வெக்கும்"னாரு.

எல்லாரும் சிரிச்சுட்டாங்க. நானும் சிரிச்சேன். அவரு சிரிக்கல.

இருபது செகண்டுங்கறது சாதாரணமில்லீங்க்கா. வீட்டுல உக்காந்து அழுத்தறவங்களுக்கு அஞ்சு செகண்டு தாண்டுனா ஓடலைன்னு தோணிரும். மறுபடி அழுத்துவாங்க, மறுபடி அழுத்துவாங்க, அப்பறம் எழுந்து செருப்ப மாட்டிக்கிட்டு தோட்டத்துக்குப் போயிருவாங்க. இதெல்லாம் அளந்து வெச்சிருக்கோம். அதனால கீழ ஒட்டுனேன். வேண்டாம்னு சொல்லல, கீழன்னுதான் சொன்னேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குது.

அவரு கையாலயே சீட்டு எழுதுனாரு. "ஸ்டார்ட் ஆகும் முன் பஸ்ஸர், 20 செகண்டு." அவ்வளவுதாங்க எழுதுனது. ஒரு ஆளு செத்துப் போவான்னு எழுதியிருந்தா நான் மேல வெச்சிருக்க மாட்டனுங்களா? வாயில சொன்னாருங்க, இல்லைன்னு சொல்லல. "ஆளு செத்துருவான் மேடம்"னு ஒரு தடவ மாடிப்படியில வெச்சுச் சொன்னாரு. ஆனா அந்த ஆபீசுல எல்லாரும் அப்படித்தான் பேசுவாங்க. விக்கறவங்க வந்து, "இது இல்லைன்னா செத்தோம்"பாங்க. டீலரு, "கொன்னுட்டீங்களே மேடம்"பாரு. எதைன்னு நம்பறது?

நாலு சுத்து. நாலு திங்கக்கெழமயும் வந்தாரு. வந்து யாருகிட்டயும் பேச மாட்டாரு. நேராச் சுவத்துகிட்டப் போயி, சீட்டப் பிச்சு எடுத்து, கோட்டுக்கு மேல ஒட்டுவாரு. கூட்டம் முடியறப்ப நான் அதைக் கீழ எடுத்து ஒட்டுவேன். கோபமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நாலாவது தடவ சீட்டுல பசை போயிருச்சு, நிக்கவே இல்ல. அவரே பாக்கெட்டுல இருந்து குண்டூசி எடுத்துக் குத்துனாரு. நானும் குண்டூசியோடயே எடுத்துக் கீழ குத்துனேன்.

கார்த்திகை மாசம் ஊருக்கே நம்பரு எம்பத்தி நாலு. தாராபுரம் பக்கம் மட்டும் அம்பத்தெட்டு. எல்லா எடத்துலயும் ஏறுது, அங்க மட்டும் எறங்குது. என்னடான்னு வண்டி எடுத்துட்டுப் போய்ப் பாத்தா, மோட்டார் ரூம்புச் செவுரு பூராச் செவப்புப் பெயிண்டு. "குமிழு வேலை செய்யாது. ஃபியூஸைப் புடுங்கீட்டு எறங்கு." சென்னியப்பண்ணன் கையெழுத்துத்தான். தோட்டம் தோட்டமாப் போயி எழுதியிருக்காரு. ஆளுகளையும் நிறுத்தி வெச்சு, "கெணத்துல எறங்கறதுன்னா ஃபியூஸ் மூணையும் புடுங்கி மடியில கட்டிக்கிட்டு எறங்குங்க, முடிஞ்சா கையிலயே போடுங்க"ன்னு சொல்லியிருக்காரு. கேட்டவங்க பயந்துக்கிட்டு ஃபோனைத் தொடறதையே விட்டுட்டாங்க.

"ஏங்கண்ணா இப்படிப் பண்ணீங்க?"ன்னு கேட்டேன்.

"நூத்தித் தொண்ணூறு தோட்டம் முடிச்சுட்டேன் மேடம். இன்னும் நூத்தம்பது இருக்குது. பொங்கலுக்குள்ள முடிச்சிருவேன்"னாரு. என்னமோ நான் குடுத்த வேலைய முடிக்கறாப்பல.

நான் அவரைத் திட்டல. அது உங்களுக்குத் தெரியணும். வேற யாரா இருந்தாலும் வேலைய விட்டே எடுத்திருப்பாங்க. நான் கோயமுத்தூர் ஸ்டோருக்கு மாத்துனேன். அதே சம்பளம், நெழலு, தலைக்கு மேல ஃபேனு. அவருக்கும் வயசாகுது, வெயில்ல பைக்குல எத்தன நாளைக்கு அலைவாரு? அவரு நன்மைக்கும் சேத்துத்தான் செஞ்சேன். பெயிண்டு டப்பாவ ஸ்டோருல ஒப்படைச்சுட்டுக் கையெழுத்துப் போட்டாரு. தாராபுரத்துக்கு வேற ஆளப் போட்டோம். நம்பரு ஏற ஆரம்பிச்சுது.

கிட்டுசாமிங்கறவரு அந்த நூத்தம்பதுல ஒருத்தருங்க.

குண்டடம் பக்கம். மூணு ஏக்கரா, ஒரு கெணறு. மார்கழி மாசம், புதன்கெழம. மோட்டாருக்குப் போற கேபிளு ஜாயிண்டு விட்டுப் போயிருக்குது. இவரு குமிழக் கைக்குத் திருப்பி வெச்சுட்டு, இரும்பு ஏணியில எறங்கி, இடுப்பளவு தண்ணியில நின்னு ஜாயிண்டு போட்டுட்டு இருந்திருக்காரு. அப்பக் கரண்டும் இல்ல. பதினொண்ணே முக்காலுக்குத்தான் வந்துச்சு.

அவருகிட்ட இருந்தது பட்டன் ஃபோனு. எங்க ஆப்பு அவரு மக ஃபோன்ல. மோகனான்னு பேரு. இருபத்தி நாலு வயசு. திருப்பூருல பனியன் கம்பெனி ஆபீசுல வேல. அங்கிருந்தே அப்பாவுக்கு மோட்டார் போட்டு விடும் அந்தப் பொண்ணு. வீட்டு ஆளுக யாரு வேணாலும் எங்கிருந்து வேணாலும் போடலாம்ங்கறதும் நாங்க செஞ்சதுதாங்க, ஆவணி மாசம், கோட்டுக்கு மேல மொதச் சீட்டு அது. நான் எழுதுன செய்தியும் அந்தப் பொண்ணு ஃபோனுக்குத்தான் போச்சு. கெணத்துல எறங்கறவருக்கு எப்படித் தெரியும்?

கரண்டு வந்தாச்சுன்னு மோகனா ஃபோன்ல மணியடிச்சுது. அழுத்துச்சு. நாலே செகண்டுல பெட்டி மோட்டாரைப் போட்டுருச்சு. ஏழாவது செகண்டுல என்னமோ கோளாறுன்னு பெட்டியே நிறுத்திருச்சு. நல்ல பெட்டிங்க எங்களுது. நின்னு போச்சேன்னு அந்தப் பொண்ணு மறுபடியும் அழுத்துச்சு. மறுபடியும் நின்னுச்சு. மூணாவது தடவையும் அழுத்துச்சு.

எல்லாம் பெட்டிக்குள்ள பதிவாகியிருக்குது. நேரம், செகண்டு, குமிழு எந்தப் பக்கம் இருந்துச்சு, எல்லாம். நான் பாத்தேன். மூணு தடவையும் "குமிழு: கை." மூணும் ஃபோன்ல போட்டதுன்னு எங்க நம்பர்ல ஏறியிருக்குது.

வெள்ளிக்கெழம நம்பரு தொண்ணூறு வந்துச்சு. பொங்கலுக்கு இன்னும் மூணு வாரம் இருந்துச்சு. எல்லாருக்கும் லட்டு குடுத்தேன். நேரா ஸ்டோருக்குப் போயிச் சென்னியப்பண்ணனுக்கும் ஒண்ணு குடுத்தேன், மனசுல ஒண்ணும் வெச்சுக்கக் கூடாதுன்னு. சனிக்கெழமதான் கிட்டுசாமி சேதி எங்களுக்கு வந்துச்சு. திங்கக்கெழம சென்னியப்பண்ணன் வேலைக்கு வரல. அப்பறம் வரவே இல்ல.

உங்க ஊரு எதுங்க்கா? பல்லடமுங்களா. பஸ்ஸு போய்ச் சேர இன்னும் நேரமிருக்குது.

அப்பறம் என்ன, போலீசு வந்துச்சு, மின்சார ஆய்வாளரு வந்தாரு. யாரு முடிவெடுத்தாங்கன்னு கேட்டாங்க. எல்லாரும் என்னைக் காட்டுனாங்க. சுவத்துல இருந்த வரியக் கிழிச்சுட்டாங்க. அது மட்டுமில்ல, ரிஸ்வான் ஒரு ஃபோட்டோ எடுத்து வெச்சிருந்திருக்காரு. சுவத்த, செவப்புக் கோட்ட, கீழ குண்டூசியோட அந்தச் சீட்ட. அதை ஆய்வாளருகிட்டக் குடுத்துட்டாரு. எம் பொண்ண நானே கூட்டிட்டு வர்றேன்னு சொன்ன ரிஸ்வான்!

வர்ற திங்கக்கெழம விசாரணை. வக்கீலு ஒரு கடுதாசி எழுதிக் குடுத்தாரு. "திட்டக் கூட்டங்களில் உயிராபத்து குறித்து நான் எதுவும் கூறவில்லை"ன்னு சென்னியப்பண்ணன் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாப் போதும்னாரு. பொய் இல்லீங்களே. கூட்டத்துல சொல்லல. மாடிப்படியிலதான சொன்னாரு. உசுருன்னு கூட்டத்துல ஒரு வார்த்தை வந்துச்சு, அது தமாசு. எல்லாரும் சிரிச்சாங்களே.

அதுக்குத்தான் இன்னைக்கு வந்தேன். காலைல பத்து மணிக்கு அவரு வீட்டுல. "வாங்க அம்முணி"ன்னாரு. மேடம்னு கூப்படல. டீ குடுத்தாரு. கடுதாசியப் படிச்சாரு, ரெண்டு தடவ படிச்சாரு. மடிச்சுச் சட்டைப் பாக்கெட்டுல வெச்சுக்கிட்டாரு. "ஒரு எடம் போயிட்டு வந்துரலாம், ஏறுங்க"ன்னாரு. சாட்சிக் கையெழுத்துக்கு யாரையோ பாக்கப் போறாருன்னு நெனச்சுக்கிட்டு பைக்குல ஏறுனேன்.

கொண்டு போயி நிறுத்துனது கிட்டுசாமி வீட்டு வாசல்ல.

அந்தம்மா பேரு ருக்குமணி. சென்னியப்பண்ணனைப் பாத்ததும் கட்டிலை இழுத்துப் போட்டாங்க. நான் யாருன்னு அவரே சொன்னாரு. "பெட்டிக் கம்பெனியில இருந்து வந்திருக்காங்க." அந்தம்மா மகளப் பத்திச் சொன்னாங்க. அந்தப் பொண்ணு வேலைக்குப் போறதில்லையாம். ஃபோனைத் தொடறதில்லையாம். வீட்டுல யாரு ஃபோனு அடிச்சாலும் எழுந்து கொல்லைக்குப் போயிருமாம். அழுகவும் இல்லையாம். அவங்கம்மா அதைச் சொல்றப்ப, அது வாசப்படியில நின்னு என்னையவே பாத்துட்டு இருந்துச்சு.

அப்பறம் கேட்டுச்சு, சென்னியப்பண்ணனைப் பாத்து. "அப்பா குமிழத் திருப்ப மறந்துட்டாருன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்பா மறக்க மாட்டாருங்க. நான் அழுத்துனப்ப குமிழு கையிலதான் இருந்துச்சுன்னு பெட்டிக்குத் தெரியுமுங்களா?"

அவரு என் பக்கம் கையக் காட்டுனாரு. "இவங்களைக் கேளு கண்ணு."

நான் மொதல்ல இருந்து ஆரம்பிச்சேன். எதுக்கும் ஒரு இலக்கு வேணும் கண்ணு, இல்லைன்னா எல்லாத்தையும் செய்யப் போயி ஒண்ணையும் செய்ய முடியாதுன்னு. அந்த வரியச் சொன்னேன். உங்கப்பா மாதிரி ஆளுக நடக்கக் கூடாதுன்னுதான்னு சொன்னேன். நூறுல பதினாலு தடவைங்கறதச் சொன்னேன். பத்து நிமிசம் பேசியிருப்பேன். நல்லாத்தான் பேசுனேன். அந்தப் பொண்ணு முழுக்கக் கேட்டுச்சு. கேட்டுட்டு, மறுபடியும் அதையே கேட்டுச்சு.

"பெட்டிக்குத் தெரியுமுங்களா, தெரியாதுங்களா?"

எதையும் ஒத்துக்காதீங்கன்னு வக்கீலு படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்புனாரு. தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்ன ஆச்சோ, "தெரியும்"னு சொல்லிட்டேன்.

அது அவங்கம்மா பக்கம் திரும்புச்சு. "அப்பா திருப்பித்தாம்மா வெச்சிருக்காரு"ன்னுச்சு. ரெண்டு தடவ சொல்லுச்சு. அப்பறம் அப்படியே படியில உக்காந்து அழுக ஆரம்பிச்சுது பாருங்க, அப்படி ஒரு அழுகைய நான் கேட்டதில்ல. அந்தம்மா ஓடி வந்து கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க. நான் சொல்லாமலே இருந்திருக்கலாம்னு தோணுச்சுங்க்கா. சும்மா இருந்த புள்ளைய அழுக வெச்சுட்டேன். ஆனா அவங்கம்மா என்னமோ, "அழு சாமி, அழு"ன்னு முதுகத் தடவிக் குடுக்கறாங்க. சென்னியப்பண்ணன் தலையக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. அவரு கண்ணுலயும் தண்ணி. அவருக்கு எதுக்கு? அவரு ஒரு தப்பும் பண்ணலையே. "உங்க தோட்டத்துக்கு வர்றதுக்குள்ள என்னை மாத்திட்டாங்கம்மா"ன்னு அவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறாப்பல சொன்னாரு. மாத்துனது யாருன்னு அவரு சொல்லல.

நான் அங்க என்ன பண்றது? எழுந்தேன். "நீங்க போங்க அம்முணி, நான் இருந்துட்டு வர்றேன்"னாரு. கடுதாசி அவரு பாக்கெட்டுலயே இருக்குது. நான் கேக்கல. அவரும் எடுக்கல. திங்கக்கெழம என்ன சொல்லப் போறேன்னு எனக்கே தெரியல.

இருந்தாலும் சொல்றேங்க்கா, அந்த வரி தப்பில்ல. இலக்கு இல்லாம ஒரு வேல நடக்காது. அது எந்தக் கம்பெனிக்கு வேணாலும் பொருந்தும். வரி சரியாத்தான் இருந்துச்சு. நம்பரும் சரியாத்தான் இருந்துச்சு.

ரோட்டுக்கு ரெண்டு கிலோமீட்டரு. இட்டேரித் தடத்துல நடந்து வந்தேன். ரெண்டு பக்கமும் வேலி, ஆளு நடமாட்டமே இல்ல. பாதி தூரத்துல ஒரு தோட்டம். மோட்டார் ரூம்புக் கதவு தெறந்து கெடந்துச்சு, உள்ள மஞ்சப் பெட்டி. பக்கத்துல கெணறு. நான் அதைத் தாண்டி நாலு எட்டு வெச்சிருக்க மாட்டேன், பைப்பு செருமுச்சு. தண்ணி தொட்டியில வந்து விழுகுது. ஒரு ஆளில்ல. தானா ஓடுது.

ஓடுனேங்க்கா. வேலி முள்ளு சீலையக் கிழிச்சது கூடத் தெரியல. கெணத்து மேட்டுல மண்டி போட்டு எட்டிப் பாத்தேன். உள்ள இருட்டா இருந்துச்சு. ஏணி தெரிஞ்சுது. தண்ணி ஆடிட்டு இருந்துச்சு. "யாராச்சும் இருக்கீங்களா"ன்னு கத்துனேன். "யாராச்சும் இருக்கீங்களா"ன்னு கத்திக்கிட்டே இருந்தேன். தண்ணி விழுகற சத்தத்துல என் சத்தம் எனக்கே கேக்கல.

உள்ள யாரும் இல்லீங்க. யாரும் இல்லைன்னு நல்லாத் தெரிஞ்சுது. ஆனா நகர முடியல. நான் அந்தண்ட போன பொறவு யாராச்சும் எறங்கிட்டா? அங்கயே உக்காந்து தண்ணியப் பாத்துட்டு இருந்தேன். ஒண்ணரை மணி நேரம் ஓடுச்சு. அப்பறம் எங்கியோ உக்காந்து யாரோ நிறுத்துனாங்க. தண்ணி அடங்குன பொறவுதான் எழுந்தேன்.